ஒரு கப்பலும் இரண்டு படகுகளும்

சினிமாவைப் பற்றி எழுதுகிறபோது கதை, நடிப்பு, பாட்டு, காமிரா என்று நாலு விஷயங்களைச் சொல்லிவிட்டால் விமர்சனம் முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். படம் எந்த யந்திரத்தில், என்ன ஏற்பாட்டில் உண்டாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அது தொழிலாளியின் சமாசாரம், ரசிகனுக்கு வேண்டாதது என்று ஒரு நினைப்பு. நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். சமையல் நன்றாயிருந்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதானே, அடுப்பில் எரிந்தது விறகா கரியா என்று விசாரிப்பானேன்?

இந்த நினைப்பைக் கலைத்தவன் என் நண்பர் ஒருவரின் பிள்ளை. சென்னையில் ஒரு கம்பெனியில் சினிமாப் படங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் செய்த வேலைக்கு ரோட்டோ என்று பெயர். காட்சியில் ஒருவன் ஓடுகிறான் என்றால், அவனைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதற்காக அவனுடைய விளிம்பை ஒவ்வொரு பிரேமிலும் பிசகாமல் கோடிட்டுத் தர வேண்டும். விநாடிக்கு 24 பிரேம். காற்றில் தலைமயிர் பறந்தால் அன்றைய பொழுது போயிற்று. அப்படி எந்தப் படத்துக்கு வேலை செய்கிறோம் என்பதுகூடச் சில சமயம் அவனுக்குத் தெரியாது. அந்தக் கம்பெனி மூன்று மாதச் சம்பளத்தைத் தராமல் கதவை மூடிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் வந்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “மாமா, நாங்கள் வேலை செய்கிற மெஷினில் இருப்பது லினக்ஸ். அதற்குக் காசே கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்களையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.”

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. இலவசமான கருவியினால் கலைக்கு என்ன லாபம், கலைஞனுக்கு என்ன லாபம் என்று யோசிக்கத் தொடங்கினேன். யோசிக்கிறதற்கு மூன்று படங்கள் அகப்பட்டன. மூன்றிலும் கடலோ வெள்ளமோ இருக்கிறது. மூன்றிலும் மிதப்பதற்கு ஒன்று இருக்கிறது: ஒன்றில் கப்பல், மற்ற இரண்டில் படகு.

முதலில் லினக்ஸ் என்பது என்ன என்று என்னைப்போன்ற விஞ்ஞானம் அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் என்ற யந்திரத்துக்கும் அதில் நாம் செய்கிற வேலைக்கும் நடுவில் நின்று நிர்வாகம் பண்ணுகிற மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். 1991-ல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பையன் அதன் கருவை எழுதி, மூலத்தை ஊரறியத் திறந்து வைத்தான். யாரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவனுக்கு முன்பே, 1983-ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் இதே கொள்கையைப் பிரகடனம் செய்து, தேவையான கருவிகளைச் செய்ய ஆரம்பித்திருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று லினக்ஸ் என்று வழங்குகிற முழு ஏற்பாடு.

ஸ்டால்மனுக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு சங்கடம். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்தான். “நான் சொல்வது விலையை அல்ல, உரிமையை” என்ற கருத்தை அவர் மேடைதோறும் விளக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று அழகான பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் சொல் இருந்துவிட்டால் பேதம் புரிந்துவிட்டதாக ஆகாது. சினிமாத் தொழில் லினக்ஸை எடுத்துக்கொண்டபோது எடுத்துக்கொண்டது இலவசத்தையா, சுதந்திரத்தையா? என் விசாரணை இதுதான்.

முதல் படம் 1997-ல் வந்த ‘டைட்டானிக்’. அதன் கம்ப்யூட்டர்க் காட்சிகளைச் செய்தது டிஜிட்டல் டொமைன் என்ற ஸ்டூடியோ. ஜேம்ஸ் காமரூன் தாமே சேர்ந்து 1993-ல் தொடங்கியது. அந்த நாளில் இந்தத் தொழில் முழுவதும் ஸிலிக்கன் கிராபிக்ஸ் என்ற கம்பெனியின் யந்திரங்களை நம்பியிருந்தது. ஒவ்வொன்றும் யானை விலை. கலைஞன் கப்பலையும் கடலையும் அமைத்துக் கொடுத்த பிறகு, வெளிச்சமும் நிழலும் எங்கே எப்படி விழும் என்று பிரேம் பிரேமாகக் கணக்கிட்டுத் தீட்டுகிற வேலை யந்திரத்தினுடையது. இதை ரெண்டர் என்கிறார்கள். இரண்டு மணி நேரப் படமென்றால் 1,72,800 பிரேம். கலைஞனின் கை ஓய்ந்த பிறகும் இரவும் பகலும் ஓடவேண்டிய செக்கு இது.

இந்தச் செக்குக்காக டிஜிட்டல் டொமைன் 160 ஆல்பா யந்திரங்களை வாங்கிற்று. அவற்றில் 105-ல் லினக்ஸைப் போட்டார்கள். மீதி 55-ல் விண்டோஸ் என்.டி. கலைஞர்களின் மேஜைமேல் பழைய விலை உயர்ந்த யந்திரங்களே இருந்தன. லினக்ஸ் சினிமாவுக்குள் வந்தது வாசல் வழியாக அல்ல, பின்கட்டு வழியாக என்று சொல்லலாம். அவர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் கொள்கை காரணம் இல்லை. தங்களிடம் இருந்த கருவிகள் யூனிக்ஸ் என்ற பழைய வழியில் அமைந்தவை. லினக்ஸும் அதே வழி. ஆகவே மாற்றி எழுதுவது சுலபம். மேற்கொண்டு, எங்காவது இடறினால் மூலத்தைத் திறந்து பார்த்துத் தாங்களே சரிசெய்துகொள்ளலாம். கடைசிக் காரணம் சுதந்திரத்தைச் சேர்ந்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் அது கம்பெனியின் சுதந்திரம்.

படத்தில் அதனால் என்ன விளைந்தது? அளவு விளைந்தது. கப்பலின் முகப்பிலிருந்து கிளம்பிய காமிரா மேல்தளங்களைத் தாண்டி, புகைபோக்கிகளைத் தாண்டி, பறவைபோலப் பறந்து பின்னுக்குப் போகிற காட்சி இருக்கிறது. தளத்தில் நடமாடுகிறவர்களில் பலர் கம்ப்யூட்டர் செய்த மனிதர்கள். முதல்முறை பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சமீபத்தில் மறுபடி பார்த்தபோது, அவர்கள் நடப்பது மனிதர் நடப்பதுபோல எனக்குப் படவில்லை. கப்பல் செங்குத்தாக நின்று ஆட்கள் உதிர்கிறபோதும், விழுகிறவன் ஒரு மனிதன் என்ற உணர்ச்சி வருவதற்கு முன்னால், எத்தனை பேர் விழுகிறார்கள் என்ற பிரமிப்பு வந்துவிடுகிறது. மலிவான செக்கு கிடைத்ததும் முதலாளிக்குத் தோன்றுவது, இன்னும் நிறைய ஆட்டலாம் என்பதுதான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிரம்மாண்டமும் ஒரு ரசம். அதற்கு 11 ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன.

அதன் பிறகு சில வருஷங்களுக்குள் பெரிய ஸ்டூடியோக்கள் எல்லாம், பிக்ஸார், டிரீம்வொர்க்ஸ், இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக், நியூஸிலாந்தின் வேட்டா என்று வரிசையாக, லினக்ஸுக்கு மாறின. பின்கட்டிலிருந்து கூடத்துக்கு வந்து, கலைஞனின் மேஜைமேலேயே அது உட்கார்ந்துவிட்டது. ஸிலிக்கன் கிராபிக்ஸ் 2006-ல் ஒருமுறையும் 2009-ல் ஒருமுறையும் திவாலாயிற்று.

இரண்டாவது படம் 2012-ல் வந்த ‘லைஃப் ஆஃப் பை’. இதில் நமக்கும் கொஞ்சம் பந்தம் உண்டு. கதை புதுச்சேரியில் தொடங்குகிறது. முதல் காட்சிகளின்மேல் பாம்பே ஜெயஸ்ரீ பாடும் தமிழ்த் தாலாட்டு கேட்கிறது. கப்பல் மூழ்கி, ஒரு பையனும் ஒரு வங்காளப் புலியும் ஒரே படகில் தனித்துவிடப்படுகிறார்கள். கப்பல் மூழ்குகிற புயற்காட்சியைச் செய்தது எம்.பி.ஸி. என்ற ஸ்டூடியோ. புலியைச் செய்தது ரிதம் அண்ட் ஹியூஸ். லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய அந்த ஸ்டூடியோவுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. லினக்ஸுக்கு முன்னாலேயே மாறியவர்களில் அவர்களும் உண்டு. ‘கிம்ப்’ என்ற இலவசச் சித்திரக் கருவியைச் சினிமாவுக்கு ஏற்றபடி மாற்றுகிற வேலையில் பணமும் ஆளும் போட்டு, அதைப் பிறருக்கும் கொடுத்தவர்கள்.

அந்தப் புலியைப் பற்றிச் சொல்லவேண்டும். சில காட்சிகளில் நிஜப் புலி; பெரும்பாலானவற்றில் செய்த புலி. எது எது என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கவேண்டுமென்று தோன்றவும் இல்லை. ரோமத்தின் நேர்த்தியை எல்லாரும் புகழ்ந்தார்கள். என்னைக் கவர்ந்தது அது அல்ல. புலியை மனிதனாக்கிவிடவேண்டும் என்ற ஆசையை அந்தக் கலைஞர்கள் அடக்கிக்கொண்டதுதான் பெரிய காரியம். அதன் கண்ணில் நன்றி கிடையாது, சிநேகம் கிடையாது. பசியும் பயமும் களைப்பும்தான் உண்டு. பட்டினியால் அதன் தோள் எலும்பு துருத்துகிறபோது நாம் இரங்குகிறோம். அது நம்மை இரங்கச் சொல்லிக் கேட்கவில்லை. கரை சேர்ந்ததும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விடுகிறது. அதற்காகத்தான் பையன் அழுகிறான்.

2013 பிப்ரவரியில் ரிதம் அண்ட் ஹியூஸ் திவால் மனுக் கொடுத்தது. 24-ந் தேதி அதே புலிக்காக ஆஸ்கார் கிடைத்தது. அரங்கத்துக்கு வெளியே வேலை இழந்த கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் கூடி நின்றார்கள். உள்ளே பரிசை வாங்கிக்கொண்ட பில் வெஸ்டன்ஹோபர் தம் ஸ்டூடியோவின் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கியபோது, நேரமாகிவிட்டது என்று வாத்தியத்தை முழக்கி ஒலிபெருக்கியை அடைத்துவிட்டார்கள். புலியைப்போலவே தொழிலும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு, 2012 செப்டம்பரில், ‘டைட்டானிக்’ செய்த டிஜிட்டல் டொமைனும் திவால் கோர்ட்டுக்குப் போயிருந்தது.

கருவி இலவசமாயிருந்தும் இது ஏன் நடந்தது? இந்தத் தொழிலில் ஸ்டூடியோ வேலையை ஏலம்போல விலை குறைத்துக் கேட்டு வாங்குகிறது. தொகை முன்கூட்டியே நிச்சயமாகிவிடும். வேலை மட்டும் நிச்சயமாகாது. டைரக்டர் மனம் மாறினால் அலையை மாற்றவேண்டும், வானத்தை மாற்றவேண்டும். அதற்குத் தனிக்கூலி கேட்பது கஷ்டம். லினக்ஸினால் மிச்சமான பணம் எல்லாருக்கும் மிச்சமாயிற்று. ஆகவே எல்லாரும் அந்த அளவு விலையைக் குறைத்துக் கேட்டார்கள். மிச்சம் போய்ச் சேர்ந்த இடம் படம் எடுக்கும் முதலாளியின் பெட்டி. என் நண்பரின் பிள்ளை வேடிக்கையாகச் சொன்னது வேடிக்கை இல்லை என்பது எனக்கு இங்கேதான் விளங்கிற்று.

ஸ்டூடியோக்கள் எடுத்துக்கொண்டது மட்டும்தான், ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. நிறையக் கொடுத்திருக்கிறார்கள். 2003-ல் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் ஓபன் ஈஎக்ஸ்ஆர் என்ற பட வடிவத்தைத் திறந்து கொடுத்தது. 2016-ல் பிக்ஸார் ஒரு காட்சியின் அமைப்பு முழுவதையும் பலபேர் சேர்ந்து கையாளுவதற்கான யூஎஸ்டி என்ற முறையைக் கொடுத்தது. 2023-ல் டிரீம்வொர்க்ஸ் தன் ரெண்டர்க் கருவியான மூன்ரேயையே திறந்து வைத்தது. 2018-ல் ஆஸ்கார் அகாடமியும் லினக்ஸ் பவுண்டேஷனும் சேர்ந்து, இப்படிப்பட்ட கருவிகளைப் பராமரிக்க ஒரு சங்கமே அமைத்தார்கள். பகைவர்கள்போலப் போட்டியிடுகிற முதலாளிகள் பட்டறைச் சாமான்களைப் பொதுவில் வைத்துக்கொள்வது லேசான விஷயம் அல்ல. ஆனால் பொதுவில் வைத்தது உளியையும் அரத்தையும்தான். கல்லும் சிலையும் கூலிக்கணக்கும் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

அந்தப் பொதுவும் ஆடாமல் நிற்கிற தரை அல்ல. இந்த ஸ்டூடியோக்களில் பல செண்ட்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸில் வேலை செய்து வந்தன. அதைத் தன் பொறுப்பில் வைத்திருந்த ரெட் ஹாட் கம்பெனி 2020 டிசம்பரில், பழைய மாதிரி இனி வராது என்று அறிவித்துவிட்டது. 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு கடைசிப் பதிப்பின் ஆயுளும் முடிந்தது. ஸ்டூடியோக்கள் ராக்கி, அல்மா என்ற வேறு லினக்ஸ்களைத் தேடிப் போயின. தேடிப் போக இடம் இருந்தது என்பதுதான் கட்டற்றதன் மகிமை. பூட்டிய கருவியாயிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

இனி மூன்றாவது படம். லாட்வியா என்ற சின்ன தேசத்தைச் சேர்ந்த கிண்ட்ஸ் ஸில்பலோடிஸ் எடுத்த ‘ஃப்ளோ’, 2024-ல் கான் விழாவில் முதலில் காட்டப்பட்டது. உலகத்தை வெள்ளம் கொள்கிறது. மனிதர் யாரும் இல்லை. ஒரு பூனை, ஒரு நாய், ஒரு லெமூர், தென்னமெரிக்கக் காபிபாரா ஒன்று, நெடுங்கால் பறவை ஒன்று, எல்லாம் ஒரே பாய்மரப் படகில் போகின்றன. 85 நிமிஷத்தில் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது.

இது பிளெண்டர் என்ற திறந்த கருவியில் செய்யப்பட்டது. பிளெண்டர் இயங்குதளம் அல்ல, அதன்மேல் ஓடுகிற சித்திரப்பட்டறை. அதன் சரித்திரம் மற்ற இரண்டுக்கும் தலைகீழ். டோன் ரோஸெண்டால் என்ற டச்சுக்காரர் தம் ஸ்டூடியோவுக்காக அதைச் செய்தார்; பிறகு அதை விற்பதற்கென்று ஒரு கம்பெனி வைத்தார்; 2002-ல் கம்பெனி நொடித்துப்போயிற்று. கருவியின் உரிமை முதலீடு போட்டவர்கள் கையில். ஒரு லட்சம் யூரோ தந்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். ரோஸெண்டால் அதை உபயோகித்து வந்தவர்களிடமே கையேந்தினார். ஏழு வாரத்தில் தொகை சேர்ந்துவிட்டது. அந்த வருஷம் அக்டோபர் 13-ந் தேதி பிளெண்டரின் மூலம் உலகத்துக்குப் பொதுவாயிற்று. முந்தின இரண்டு கதைகளிலும் கருவி பிழைத்துக் கம்பெனி மூழ்கியது, யாருக்கும் லாபமில்லை. இங்கே கம்பெனி மூழ்கியதால்தான் கருவி விடுதலை பெற்றது; மீட்டவர்கள் அதைக் கையாண்டவர்கள்.

படத்துக்கு வருவோம். ‘ஃப்ளோ’வின் பூனைக்கு ‘லைஃப் ஆஃப் பை’ புலியின் ரோமம் கிடையாது. மயிர் தனித்தனியாகத் தெரியாது. தூரிகையால் இழுத்த மாதிரி இருக்கும். சில இடத்தில் நாயின் உடம்பு களிமண்போலத் தோன்றுகிறது. வீடியோ விளையாட்டுப்போல இருக்கிறதென்று சொன்னவர்களும் உண்டு; அது முழுப்பொய் அல்ல. ஆனால் அந்தப் பூனை பூனையாக இருக்கிறது. தாவுவதற்கு முன் பின்பக்கத்தை ஆட்டி அளவு பார்க்கிறது. பயந்தால் உடம்பைச் சுருக்கிக்கொள்கிறது. யாரையும் நம்புவதற்கு அதற்கு முழுப்படமும் தேவைப்படுகிறது. ஆரம்பத்தில் தண்ணீரில் தன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பூனை, முடிவில் தன் முகத்துக்குப் பக்கத்தில் மற்றவர்களின் முகங்களையும் பார்க்கிறது. இவ்வளவுதான் கதை. ஒரு நாவலாசிரியனாக எனக்குப் பொறாமை உண்டாக்கிய கதை.

காமிராவைப் பாருங்கள். நிமிஷக்கணக்கில் வெட்டே இல்லாமல் பூனையின் உயரத்தில், பூனையோடு ஓடி, தண்ணீரில் முழுகி, மேலே வருகிறது. ஸில்பலோடிஸ் காட்சிகளைப் படக்கட்டங்களாக முன்கூட்டி வரைந்துகொள்ளவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஓர் உலகத்தை அமைத்துவிட்டு, அதற்குள் காமிராவை எடுத்துக்கொண்டு அலைந்து, காட்சியைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். பிளெண்டரில் ஈவீ என்று ஒரு ரெண்டர் முறை இருக்கிறது. ராத்திரி முழுவதும் செக்கு ஆட்டாமல், விளைவைக் கிட்டத்தட்ட உடனேயே கண்முன் காட்டுவது. அதனால் தப்புச் செய்து பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த ரோமத்தின் குறையும் இந்தக் காமிராவின் நிறைவும் ஒரே தேர்விலிருந்து வந்தவை. நேர்த்தியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தேடுகிற உரிமையை அவர் வாங்கிக்கொண்டிருக்கிறார். யந்திரத்தைப் பற்றி விசாரிக்காத விமர்சகன் குறையை மட்டும் சொல்லுவான், அல்லது நிறைவை மட்டும் சொல்லுவான். இரண்டும் ஒன்று என்பது அவனுக்குத் தெரியாது.

2025 மார்ச் 2-ஆம் தேதி பிக்ஸார் படத்தையும் டிரீம்வொர்க்ஸ் படத்தையும் தாண்டி ‘ஃப்ளோ’வுக்குச் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் கிடைத்தது. இலவசக் கருவி இருந்தால் யாரும் ஆஸ்கார் வாங்கலாம் என்று உடனே எழுதத் தொடங்கிவிட்டார்கள். இந்த உற்சாகத்தைத்தான் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்தப் படத்துக்கு ஐந்தரை வருஷம் ஆயிற்று. செலவு சுமார் 35 லட்சம் யூரோ. ஹாலிவுட் கணக்கில் சில்லறை, நம் கணக்கில் முப்பது கோடி ரூபாய்க்குக் குறையாது. லாட்வியா, பிரான்ஸ், பெல்ஜியம் என்று மூன்று தேசங்கள் கூடிச் செய்தது. பொதுப்பணமும் அதில் உண்டு. கருவி இலவசம், காலம் இலவசமல்ல. அந்தக் காலத்துக்கு யாரோ பணம் கொடுத்தார்கள், கொடுத்துவிட்டுத் தொந்தரவு செய்யாமலும் இருந்தார்கள். ஆஸ்காருக்கு முந்தின வாரத்தில்தான் ‘லைஃப் ஆஃப் பை’ புயலைச் செய்த எம்.பி.ஸி.யை நடத்தி வந்த டெக்னிகலர் குழுமம் கவிழ்ந்து, லண்டனிலும் பெங்களூரிலும் ஆட்கள் வேலை இழந்தார்கள். அவர்களுக்கும் லினக்ஸ் இலவசமாகத்தான் இருந்தது.

எழுத்தாளனுக்கு இது புதிய பாடமல்ல. காகிதமும் பேனாவும் என்றைக்கும் மலிவாகத்தான் இருந்திருக்கின்றன. தமிழ் இலக்கணத்துக்கு யாரும் லைசென்ஸ் கேட்டதில்லை. மொழியைப்போலக் கட்டற்ற கருவி உலகத்தில் வேறு உண்டா? அதனால் தமிழில் நல்ல நாவல்கள் பெருகிவிட்டனவா? வாராவாரம் இத்தனை பக்கம், அத்தியாய முடிவில் ஒரு திடுக்கிடல் என்று கேட்கிற இடத்தில், பேனா இலவசமாயிருந்து என்ன பிரயோஜனம்? நானே அப்படி எழுதியிருக்கிறேன். அந்தத் தொடர்கதைகளில் ஒன்றையும் இன்று எடுத்துப் படிக்க எனக்குத் தைரியமில்லை. யாரும் கேட்காமல், மூன்று வருஷம் வைத்துக்கொண்டு அடித்து அடித்து எழுதிய ஒரு சின்ன நாவலைத்தான் என்னுடையது என்று சொல்லிக்கொள்ளுகிறேன். இரண்டும் ஒரே பேனாவில் எழுதியவைதான்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. கருவி கட்டற்றதாயிருப்பது நல்லது. அது இல்லாமல் லாட்வியாவின் பூனை பிறந்திருக்காது. ஆனால் கருவியின் சுதந்திரம் தானாகக் கலைக்கு வந்துவிடுவதில்லை. அதனால் உண்டாகிற மிச்சம் யார் கையில் தங்குகிறது என்பதே கேள்வி. முதலாளியின் கையில் தங்கினால் அது அளவாகவும் லாபமாகவும் ஆகிறது. ஏலத்தில் ஒழுகினால் ஒன்றுமில்லாமல் போகிறது. செய்கிறவன் கையில் தங்கினால் மட்டும் காலமாக மாறுகிறது. தப்புச் செய்து திருத்திக்கொள்ளுகிற அந்தக் காலத்தில்தான் கலை பிறக்கிறது.

நண்பரின் பிள்ளை இப்போது வேறு கம்பெனியில் அதே விளிம்பு வரைகிற வேலையில் இருக்கிறான். ராத்திரியில் வீட்டுக் கம்ப்யூட்டரில் பிளெண்டர் கற்றுக்கொள்ளுகிறானாம். கிணற்றுச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்காருகிற காட்சி, எட்டு விநாடி. இறக்கையை மடக்குகிற விதம் இன்னும் சரியாக வரவில்லை என்றான். “எத்தனை நாளாகச் செய்கிறாய்?” என்று கேட்டேன். “நாலு மாசமாச்சு, மாமா. அவசரம் ஒன்றும் இல்லையே” என்றான். அந்தக் காக்கையைப் பார்க்க நான் ஆவலாயிருக்கிறேன்.